மலையகத்துச் சிறு மண்டபமொன்றில் நாடகப் பருவம் நடத்துவது எப்படி?

நாடகப் பருவம் என்று இங்கே நான் சொல்வது, ஒரே மண்டபத்தில், மாதத்துக்கு ஒன்றாக மூன்று நாடகங்களை, முன்கூட்டியே அறிவித்த நாளில் அறிவித்த நேரத்துக்கு மேடையேற்றுவதை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற இலங்கை மலையக நகரங்களில் இதைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கலைவிழாவுக்கோ கோவில் திருவிழாவுக்கோ தனி நாடகம் போட்டுப் பழகியவர்கள். அவர்கள் முதலில் நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு நடிகர்களைச் சேர்க்கிறார்கள், அதன்பின் மண்டபம் தேடுகிறார்கள், நாள் கடைசியில் அமைகிறது. தனி நாடகத்துக்கு அது சரிவரலாம். பருவத்துக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் நாளும் நேரமும், அடுத்து மண்டபம், அதற்குப் பிறகுதான் நாடகம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நெறியாளரைத் தவிர, பருவம் முழுவதற்கும் பொறுப்பான ஒரு முகாமையாளர் வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒருவரே செய்யக் கூடாது. ஒத்திகையின் கடைசி வாரத்தில் நெறியாளரின் மனம் முழுவதும் மேடையில் இருக்கும். டிக்கெட், சாவி, லொறி, அனுமதிக் கடிதம் ஆகியவை தவறுவதும் அதே வாரத்தில்தான்.

முதல் நாடகத்தின் முழுச் செலவும் இரண்டாவது நாடகத்தின் பாதிச் செலவும் பருவத்தை அறிவிக்குமுன் கையில் இருக்க வேண்டும். முதல் நாடகத்தின் வசூலைக் கொண்டு இரண்டாவதைத் தயாரிக்கலாம் என்ற கணக்கு, முதல் நாடகத்தன்று அடைமழை பெய்தால் உடைந்துவிடும்.

மூன்றாவதாக, ஒரு தடித்த கொப்பி வேண்டும். யாரிடம் என்ன கேட்டோம், எந்தத் திகதியில் பதில் வந்தது, எந்தப் பொருளை யாரிடம் இரவல் வாங்கினோம் என்பவையெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். வட்ஸ்அப் குழுவில் போட்டது மூன்றாம் நாளே மேலே போய் மறைந்துவிடும்.

2. கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் நகரத்தில் வசிப்பதில்லை. அவர்கள் தேயிலைத் தோட்டங்களின் மேற்பிரிவு லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, பஸ் ஏறி வருகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பின்னர் தேயிலை மலைக்குள் அரை மணி நேரம் நடக்க வேண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டு முழுவதும் இங்கே மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடுகிறது. பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் வர வேண்டுமென்றால், அவர்கள் இருட்டுமுன் வீட்டு வாசலை அடைய வேண்டும்.

நாங்கள் முதன்முதலில் நடத்திய பருவத்தில் நாடகத்தை மாலை 3.30க்குத் தொடங்கினோம். 5.10 ஆனதும் பின்வரிசைகள் எழத் தொடங்கின. நாடகத்தின் மீது அவர்களுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை, பஸ் 5.30க்கு. கதவருகில் நின்றிருந்த என்னிடம் ஓர் அம்மா, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கழன்ற செருப்பைக் கையில் பிடித்தபடி, "தம்பி, கடைசியில அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துச்சா இல்லியா?" என்று கேட்டார். வாசற்படியில் நின்று அவருக்கு நான் கதையின் முடிவைச் சொன்னேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த கடைசிக் காட்சி அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, பஸ் நிலையத்துக்குப் போய், பார்வையாளர் வரக்கூடிய ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சாரதியிடமே கேட்டு எழுதிக்கொள்வது. வார நாள் நேரமும் ஞாயிறு நேரமும் வேறுபடும். தனியார் பஸ்கள் ஆட்கள் குறைவென்றால் கடைசி ஓட்டத்தையே விட்டுவிடுவதும் உண்டு. எழுதியவற்றில் மிக முந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்திலிருந்து வெளியேறி, கடையில் ஏதேனும் வாங்கி, நிலையத்துக்கு நடக்க 40 நிமிடத்தைக் கழியுங்கள். 5.30 பஸ் என்றால் நாடகம் 4.50க்கு முடிய வேண்டும். தொடக்கம் 2.45 என்றால், இடைவேளையும் சேர்த்து உங்களிடம் இருப்பது இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் அடங்காத நாடகம் எவ்வளவு சிறந்ததானாலும் இந்தப் பருவத்துக்கு உரியதன்று.

கிழமையைப் பொறுத்தவரை ஞாயிறே பொருத்தம். சனிக்கிழமைகளிலும் தோட்டங்களில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவது, உண்டு. ஞாயிறுகளிலும், சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறே சிறந்தது. தோட்டச் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைப்பதால், அந்த ஞாயிறன்று குடும்பங்கள் சாமான் வாங்க எப்படியும் நகரத்துக்கு இறங்குகின்றன. நாடகத்துக்கென்று தனியாகப் பஸ் கட்டணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே பலர் வருவதற்குக் காரணமாகிறது.

3. மாதங்களைத் தெரிவு செய்தல்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், நுவரெலியா ஆகிய மேற்குப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை. அங்கே ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை நாடகத்துக்கு ஏற்ற காலம். பதுளை, பண்டாரவளை, பசறை ஆகிய ஊவாப் பகுதிகளில் நிலைமை மாறானது. அங்கே டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். ஜூன் முதல் செப்டெம்பர் ஆரம்பம் வரை வரண்ட காலம். ஊவாவில் அந்த மாதங்களில் காற்று பலமாக வீசுவதால், பதாகைகளில் காற்றுப் போக ஓட்டைகள் வெட்டிக் கட்ட வேண்டும்.

மேற்குப் பக்கத்தில் பருவம் வைப்பவர்கள் தவறாமல் மறப்பது மாசி மாதத்தை. காமன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்காக மாசி மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றியது முதல், தோட்டத்தின் சிறந்த தப்பு என்னும் பறை அடிக்கும் கலைஞர்களும் ஆட்டக்காரர்களும் பாடகர்களும் கூத்து நடக்கும் காமன் பொட்டலில்தான் இருப்பார்கள். அவர்கள் விரதமிருந்து ஆடுபவர்கள். ஒத்திகைக்கு அழைப்பது முறையுமன்று, அழைத்தாலும் வர முடியாது. பெப்ரவரி நாடகத்தில் அவர்களைச் சேர்க்காமல், ஜனவரி நாடகத்திலோ மார்ச் இறுதி நாடகத்திலோ சேருங்கள்.

பௌர்ணமி நாட்களையும், அவ்வாண்டின் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளையும் நாட்காட்டியில் குறித்து விலக்குங்கள். பரீட்சைத் திகதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் கடந்த ஆண்டை வைத்து ஊகிக்க வேண்டாம்.

4. மண்டபத்தைப் பார்க்கும் முறை

மண்டபத்தை மழை பெய்யும் நாளில் பாருங்கள். வெயில் நாளில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. மலையகத்தின் பெரும்பாலான சிறு மண்டபங்களுக்குத் தகரக் கூரைதான். உட்கூரை இல்லாவிட்டால் மழைச் சத்தத்தில் மேடைப் பேச்சு நான்காம் வரிசைக்கு மேல் எட்டாது. ஒருவரை மேடையில் நிறுத்திப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். வேறு மண்டபம் இல்லையென்றால் 9ஆம் பகுதியில் சொல்லப்படும் மழை ஏற்பாடு கட்டாயமாகிறது.

பிறகு அளவு நாடாவை எடுங்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கு 2 அடி அகலமும், வரிசைக்கு வரிசை 3 அடி இடைவெளியும் வேண்டும். உட்புறம் 24 அடி அகலமான மண்டபத்தில், நடுவே 4 அடி வழியும் சுவரோரம் இருபக்கமும் 2 அடி வழியும் விட்டால், வரிசைக்கு 8 கதிரைகள் வரும். 15 வரிசைக்கு 45 அடி நீளம் போக, மொத்தம் 120 இருக்கைகள். "இருநூறு பேர் இருக்கலாம்" என்று மண்டபக்காரர் சொல்வது கூட்டத்துக்கான கணக்கு. நாடகத்துக்கு அது பொருந்தாது.

தரை சமமாக இருப்பதால் மேடை இரண்டரை அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதும், மேடையில் தரையோடு நடப்பது ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் தெரியாது. நம் நாடகங்களில் லயத்து அடுப்படிக் காட்சி வராமல் இருப்பதில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். அந்த அடுப்படியை ஓரடி உயரப் பலகை மேடை மீது அமையுங்கள். பார்வையாளர் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பது அதோடு நின்றுவிடும்.

பிற்பகல் காட்சி என்பதால் சன்னல்களை மூட வேண்டும். ஒவ்வொரு சன்னலையும் அளந்து, இருபக்கமும் ஓரடி கூடுதலாகக் கறுப்புத் துணி தையுங்கள். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கின்றனவா, காட்சி நேரத்தில் அவற்றின் தாழ் திறந்திருக்குமா, பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிவறை உண்டா என்பவற்றை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் மூன்று காட்சி நாட்களுக்கும், ஒவ்வொன்றுக்கும் முந்திய சனிக்கிழமைக்கும் சேர்த்து எழுத்தில் பதிவு செய்து பற்றுச்சீட்டுப் பெறுங்கள். ஒருமுறை எங்களுக்கு வாய்மொழியாகத் தரப்பட்ட மண்டபம், காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கையில் திருமண வீட்டாருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. எங்கள் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

5. நாடகங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தல்

இப்போது நேரமும் மேடை அளவும் பாத்திரங்களின் எண்ணிக்கைக்கான வரம்பும் உங்களுக்குத் தெரியும். அவற்றுக்குள் அடங்கும் பிரதிகளை மட்டும் வாசியுங்கள். வாசிப்பதென்றால் குழுவாக உட்கார்ந்து, நேரம் குறித்துக்கொண்டு, உரக்க வாசிப்பது. மேடையில் அசைவும் மௌனமும் சேரும்போது வாசிப்பு நேரத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும்.

வரிசையைப் பற்றி என் கருத்து உறுதியானது: மிகக் கனமான நாடகத்தை முதலில் வைக்கக் கூடாது, கடைசியிலும் வைக்கக் கூடாது. முதல் நாடகம் பலர் நடிக்கும், பாட்டும் தாளமும் உள்ள நாடகமாக இருக்கட்டும். இருபது பேர் நடித்தால் இருபது குடும்பங்கள் வரும். அவர்கள் மண்டபத்தின் வழியையும் நேரத்தையும் அறிந்துகொண்ட பின்னர், இரண்டாவதாக மூன்று நான்கு பேரே நடிக்கும் அழுத்தமான நாடகத்தை வையுங்கள். மூன்றாவதில் பிள்ளைகளும் இருக்கட்டும்.

ஒரு நடிகர் அடுத்தடுத்த இரண்டு நாடகங்களில் முக்கிய பாத்திரம் ஏற்கக் கூடாது. அவருடைய இரண்டாவது நாடகத்தின் ஒத்திகை, முதலாவதன் கடைசி வாரத்தில் நின்றுவிடும்.

பிறர் எழுதிய நாடகமென்றால் எழுத்தாளரிடமோ அவருடைய உரித்தாளரிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுத்தாளரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கிறது. பணம் வாங்காமல் காட்டினாலும் அனுமதி கேட்பதே மரியாதை. பழைய நாடகக்காரர்கள் பலர், ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் மனமகிழ்ந்து சம்மதிப்பார்கள்.

6. அனுமதிகள்

முதலில் பிரதிக்கான அனுமதி. பொதுமக்களுக்கு மேடையேற்றும் நாடகத்தின் பிரதியை, 1912ஆம் ஆண்டின் பகிரங்க ஆற்றுகைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பில் இயங்கும் சபைக்கு அனுப்பி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மூன்று நாடகங்களின் பிரதிகளையும் ஒன்றாக, முதல் காட்சிக்குக் குறைந்தது இரண்டரை மாதம் முன்பு அனுப்புங்கள். திருத்தம் கேட்டு வந்தால் நடிகர்கள் மனனம் செய்யுமுன் அது தெரிய வேண்டும்.

அடுத்தது உள்ளூராட்சி மன்றம். கட்டணக் காட்சியென்றால் நகர சபையிலோ பிரதேச சபையிலோ களியாட்ட வரி பற்றி விசாரித்து, இலக்கமிட்டு அச்சிட்ட டிக்கெட்டுகளை விற்பனைக்கு முன்பே கொண்டுபோய் முத்திரையிட்டு வாங்க வேண்டும். வரி விலக்குக் கேட்பதாக இருந்தால் டிக்கெட் அச்சிடுமுன் விண்ணப்பியுங்கள்.

ஒலிபெருக்கிக்கான அனுமதி பொலிஸ் நிலையத்தில். மண்டபக் கடிதம், பிரதி அனுமதி, பொறுப்பாளரின் அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியதில்லை.

7. டிக்கெட் விலை

மண்டபக் கூலி, ஒளி ஒலி வாடகை, போக்குவரத்து, சாப்பாடு, அச்சுக்கூலி, வரி எல்லாவற்றையும் கூட்டி, 120 இருக்கைகளில் 70 விற்றாலே செலவு தீரும்படி விலையை வையுங்கள். 120ஆல் வகுப்பவர்கள் இரண்டாவது நாடகத்தோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று நாடகங்களுக்கும் சேர்த்து ஒரே பருவ டிக்கெட்டும் வையுங்கள். அதை ஆசிரியர்களும் கடைக்காரர்களும்தான் வாங்குவார்கள், அந்தப் பணம் முதல் நாடகத்துக்கு முன்பே கைக்கு வரும். தோட்டங்களில் டிக்கெட் விற்பனையை ஒரு தலைவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே நான்கு பேரோடு பேசிப் பழகும் ஒரு பெண்ணிடம் பத்து டிக்கெட்டைக் கொடுங்கள். அவர் விற்பது குடும்பம் குடும்பமாகப் போகும்.

8. ஒத்திகை அட்டவணை

ஒரு நாடகத்துக்கு எட்டு வாரம். முதல் நாடகத்தின் ஐந்தாம் வாரத்தில் இரண்டாவது தொடங்க வேண்டும். அப்போதுதான் மாத இடைவெளியில் மேடையேற்ற முடியும். வாரத்தில் மூன்று மாலைகள், ஞாயிறு காலை ஒன்று என்பது தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குத் தாங்கக்கூடிய அளவு. மாலை ஒத்திகை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். நாள் முழுவதும் கொழுந்து கூடையைச் சுமந்தவரை இரவு 9 மணிவரை நிறுத்தி வைத்தால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். வராததில் அவர் மேல் பிழையில்லை.

பெண் நடிகர்களின் வீட்டுக்கு முகாமையாளரும் நெறியாளரும் ஒத்திகை தொடங்குமுன் நேரில் போய், எத்தனை மணிக்கு முடியும், யார் கொண்டுவந்து விடுவார் என்பதைப் பெற்றோரிடமோ கணவரிடமோ மாமியாரிடமோ சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தை ஒருநாளும் மீறக் கூடாது. ஒருநாள் மீறினாலே அந்த வீட்டின் கதவு உங்களுக்கு அடைபட்டுவிடும்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு பிரதியைக் கையில் வைத்திருக்க அனுமதிக்காதீர்கள். கடைசி மூன்று ஒத்திகைகளும் நிறுத்தாமல், கடிகாரத்தோடு நடக்க வேண்டும். 2ஆம் பகுதியில் கணக்கிட்ட நேரத்தை மீறினால், நாடகத்தை வெட்ட வேண்டியது அப்போதுதான்.

9. ஒளி, ஒலி, மழை

முதலில் மின்சாரக் கணக்கு. 230 வோல்ட்டில் 1000 வொட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.3 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் இரண்டு விளக்குகள் பாதுகாப்பானவை. மூன்றாவது எல்லையைத் தொட்டுவிடும். சாதாரண 30 அம்பியர் இணைப்புள்ள மண்டபத்தில் எல்லாம் சேர்ந்து 6900 வொட்தான். ஆகவே வாடகைக்கு எல்ஈடி விளக்குகளையே கேளுங்கள். இடைவேளையில் தேநீருக்காகக் கேத்தலைச் சொருகி மண்டபமே இருண்ட சம்பவம் எங்களுக்கு நடந்தது. 2000 வொட் கேத்தல் ஒன்றே இரண்டு பெரிய விளக்குகளுக்குச் சமம். தேநீரை வெளியே தயாரித்துப் போத்தல்களில் கொண்டுவாருங்கள்.

பனிமூட்டம் ஏறும்போது தப்பின் தோல் தளர்ந்து சத்தம் மங்கும். காட்சிக்கு அரை மணி முன்பும் இடைவேளையிலும் மண்டபத்துக்கு வெளியே காய்ந்த சருகுத் தீயில் காய்ச்ச இடமும், காவலுக்கு ஓர் ஆளும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள்.

தகரக் கூரைக்கு மழை ஏற்பாடு இதுதான். அடைமழை தொடங்கினால் கத்திப் பேசி ஓட்டக் கூடாது. நெறியாளர் பக்கத் திரையிலிருந்து சிறு கைவிளக்கை இருமுறை அசைப்பார், நடிகர்கள் அந்த வசனத்தை முடித்து அந்த நிலையிலேயே உறைவார்கள், தப்பு தொடங்கும். மழை தணியும்வரை தப்பு அடிக்கும், பின்னர் விட்ட வசனத்திலிருந்து நாடகம் தொடரும். இதை ஒத்திகையிலேயே இரண்டு முறை செய்து பழகுங்கள். தாய் மகனுக்குக் கடிதம் வாசிக்கும் காட்சியில் ஒருமுறை ஏழு நிமிடம் மழைக்கு நின்றோம். அந்த அம்மாவாக நடித்தவர் கடிதத்தை நெஞ்சோடு வைத்தபடி அசையாமல் இருந்தார். மண்டபத்தில் ஒருவரும் எழவில்லை.

10. காட்சி நாள்

காலை 8 மணிக்கு முகாமையாளர் சாவியோடு அங்கே இருக்க வேண்டும். 9க்கு விளக்கும் துணியும், 10.30க்கு ஒலிச் சோதனை, 11.30க்கு நடிகர்கள் சாப்பாடு, 12.30க்கு ஒப்பனை, 2 மணிக்குக் கதவு திறப்பு. சரியாக 2.45க்கு நாடகம் தொடங்க வேண்டும். பிரதம விருந்தினர் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பருவத்தில் பிரதம விருந்தினரே வேண்டாம் என்பது என் ஆலோசனை. பொன்னாடையும் உரைகளும் எடுக்கும் 40 நிமிடம், பின்வரிசையில் இருப்பவரின் கடைசிக் காட்சியிலிருந்துதான் கழிகிறது.

இடைவேளை 10 நிமிடம் மட்டும். முடிந்ததும் அடுத்த நாடகத்தின் திகதியை ஒருவர் இரண்டு வாக்கியத்தில் அறிவிக்கட்டும். வாசலில் இருவர் நின்று அடுத்த டிக்கெட்டை அப்போதே விற்க வேண்டும்.

11. காட்சி முடிந்த இரவும் அடுத்த வாரமும்

அன்றிரவே பணத்தை இருவர் எண்ணி, விற்காத டிக்கெட்டின் இலக்கங்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். இரவல் பொருட்கள் அடுத்த மூன்று நாளுக்குள் திரும்ப வேண்டும். குத்துவிளக்கும் அம்மிக்கல்லும் கொடுத்த வீடுதான் அடுத்த நாடகத்துக்கு ட்ரங்குப் பெட்டியும் கொடுக்கப்போகிறது.

கறுப்புத் துணிகளையும் திரைகளையும் ஈரத்தோடு மடித்து மூட்டை கட்டாதீர்கள். மலைக் குளிரில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்த மணம் துவைத்தாலும் போகாது. வெயில் உள்ள நாள்வரை வீட்டுக்குள் கயிற்றில் விரித்துப் போட்டு, நன்றாகக் காய்ந்த பின்னர் எந்தத் துணி எந்தச் சன்னலுக்கு என்று மூலையில் இலக்கம் எழுதி மடித்து வையுங்கள்.